பதினெட்டு ஆண்டுகள் கழித்து வரும் கடிதம்

பிரிட்டனில் விந்து தானம் செய்ய முன்வரும் ஆண் நிரப்ப வேண்டிய படிவத்தில் உயரம், எடை, கண்ணின் நிறம், தொழில், பொழுதுபோக்கு என்று வழக்கமான கட்டங்கள் முடிந்த பிறகு இரண்டு வெற்றிடங்கள் வரும். முதலாவதில் அவர் தன்னைப் பற்றித் தன் சொற்களில் எழுத வேண்டும். இரண்டாவதில், தன் விந்தணுவால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதலாம். கட்டாயம் இல்லை. ஆனால் யாராயிருந்தாலும் அந்த இடத்தில் பேனா சற்று நின்றுதான் நகரும். எழுதப்படுகிறவர் இன்னும் பிறக்கவில்லை. பிறப்பார் என்ற உறுதியும் இல்லை. ஒருவரா, இருபது பேரா என்றும் தெரியாது. ‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா? கையெழுத்துக்கு மேலே என்ன உறவு போடுவது?

அந்த வெற்றிடத்தை நிரப்ப உதவுவது கவுன்சலரின் வேலைகளில் ஒன்று. கருத்தரிப்பு மையத்தின் மருத்துவர் விந்தணுவைப் பார்க்கிறார். ஆய்வகம் ரத்தத்தைப் பார்க்கிறது. இந்தத் தானத்தால் யார் யாருடைய வாழ்க்கை எப்படியெல்லாம் மாறும் என்று கொடையாளரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்று ஒருவர் வேண்டும். 1990-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதன் விளைவுகள் குறித்துத் தகுந்த கவுன்சலிங் பெறும் வாய்ப்பைக் கொடையாளருக்குத் தந்தாக வேண்டும். வாய்ப்பைத் தருவதுதான் மையத்தின் கடமை. அதை ஏற்பதும் மறுப்பதும் கொடையாளர் விருப்பம்.

அந்த விருப்பம் என்ற சொல் அங்கே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கொடையாளரின் விந்தைக் கொண்டு மருத்துவர் ஒருவர் செய்த கருவூட்டலில், பதிவாகியுள்ள மிகப் பழைய நிகழ்வு 1884-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்ட்டிடம் குழந்தையில்லாத தம்பதி வந்தார்கள். குறை கணவரிடம் இருந்தது. அவருடைய விந்தில் உயிரணுவே இல்லை. பான்கோஸ்ட் அந்தப் பெண்ணுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கிவிட்டு, சுற்றி நின்ற மாணவர்களில் பார்க்க லட்சணமாக இருந்த ஒருவரின் விந்தை அவர் கருப்பையில் செலுத்தினார். கணவருக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது. மனைவியிடம் சொல்லவே வேண்டாம் என்று முடிவானது. ஆண் குழந்தை பிறந்தது. 1909-இல் அந்த மாணவர் கூட்டத்தில் இருந்த அடிசன் டேவிஸ் ஹார்ட் என்பவர் ஒரு மருத்துவ இதழில் இதை எழுதும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. அதில் ஒரு தகவல்: இருபத்தைந்து வயதாகிவிட்ட அந்த மகனைத் தான் நேரில் பார்த்துக் கைகுலுக்கியதாக ஹார்ட் எழுதியிருக்கிறார். அந்த மாணவக் கொடையாளர் ஹார்ட்டாகவே இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் ஐயப்படுகிறார்கள்.

அந்த நிகழ்வில் எல்லாருடைய ஒப்புதலும் விடுபட்டுப்போனது. பெண்ணைக் கேட்கவில்லை, குழந்தைக்குத் தெரியாது. ஆனால் நாம் பேசாமல் விடுவது அந்த மாணவரைத்தான். பேராசிரியர் சொன்னார், அவர் கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்தும் அந்த நினைவு கூட்டத்தில் ஒருவரைத் துரத்தியிருக்கிறது. அந்த மகனை நேரில் பார்த்திருக்கிறார். தானம் கொடுத்தவருக்கும் பின்னாளில் மனதில் ஏதோ மிஞ்சியிருக்கும் என்பதற்குக் கதையின் தொடக்கத்திலேயே தடயம் கிடைக்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகள் ரகசியத்தின் காலம். லண்டனில் மேரி பார்ட்டன் என்ற மருத்துவர் 1940-களில் தொடங்கி நடத்திய மையத்தில் சுமார் 1,500 குழந்தைகள் உருவானதாகச் சொல்வார்கள். பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன. பின்னாளில் அப்படிப் பிறந்தவர்கள் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தபோது, விந்தில் பெரும்பங்கு மேரியின் கணவர் பெர்ட்டோல்ட் வீஸ்னருடையது என்று தெரியவந்தது. அவர் வழியாக மட்டும் 600 பேர் வரை பிறந்திருக்கலாம் என்பது ஒரு கணிப்பு.

விந்தை உறைய வைக்கும் நுட்பமும் இதே காலத்தில்தான் வந்தது. 1949-இல் இங்கிலாந்தில் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைபனியில் பிழைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் பனிப்படிகங்கள் உருவாகிச் சவ்வைக் கிழிப்பதை அது தடுக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் அயோவாவில் உறைந்த விந்தால் முதல் கருத்தரிப்புகள் நிகழ்ந்தன. அதன் பிறகு கொடையாளரும் பெறுபவரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருக்க வேண்டிய தேவை போயிற்று. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காலம் நின்றுவிடுகிறது. இன்றைய பிரிட்டிஷ் விதியின்படி கொடையாளர் ஒப்புக்கொண்டால் 55 ஆண்டுகள் வரை சேமிக்கலாம். 2022 ஜூலையில் இந்த வரம்பு வந்தது. இருபத்தைந்து வயதில் கொடுத்தவருடைய விந்தணு, அவர் ஓய்வூதியம் வாங்கும் வயதிலும் ஒரு குழந்தைக்கு உயிர் கொடுக்கலாம். கவுன்சலர் கேட்கும் கேள்விகளில் சிலரைத் திடுக்கிடவைக்கும் ஒன்று இங்கிருந்து வருகிறது: நீங்கள் இறந்த பிறகும் இதைப் பயன்படுத்தச் சம்மதமா?

பழைய காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே கோடு போட்ட நாள் 2005 ஏப்ரல் 1. அன்று முதல் பிரிட்டனில் பதிவு செய்யும் கொடையாளருக்குப் பெயர் மறைக்கும் உரிமை இல்லை. அவரால் பிறந்தவர் பதினாறு வயதில், அடையாளம் காட்டாத விவரங்களை வாங்கலாம். பதினெட்டு நிறைந்ததும் பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். ஸ்வீடன் இதை 1985 மார்ச்சிலேயே செய்துவிட்டது; இந்த வகையில் உலகில் முதல் சட்டம் அதுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், 2017 மார்ச் முதல், பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதியின் பேரில் பல பத்தாண்டுகளுக்கு முன் கொடுத்தவர்களின் பெயரையும் திறந்துவிட்டது. இதற்கான போராட்டத்தின் முகமாக இருந்த நரெல் கிரெச், தன்னைப் பெற்ற கொடையாளரைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே குடல் புற்றுநோய்க்கு ஆளாகி 2013-இல் முப்பது வயதில் இறந்துபோனார். இறப்பதற்குச் சற்று முன்புதான் அந்தக் கொடையாளரைச் சந்திக்க முடிந்தது.

பிரிட்டனில் புதிய சட்டத்தின் கீழ் உருவான முதல் குழந்தைகள் 2023 அக்டோபரில் பதினெட்டைத் தொட்டார்கள். 2030-க்குள் இந்தத் தகுதியுடையவர்கள் 11,000-க்கு மேல் இருப்பார்கள் என்று மனிதக் கருத்தரிப்பு, கருவியல் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. ஒருவர் விண்ணப்பித்தால் ஆணையம் முதலில் கொடையாளருக்குத் தகவல் சொல்ல முயலும்: உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், விவரம் தரப்போகிறோம். கேட்டவர் யார் என்பதைச் சொல்லாது. கொடையாளர் தடுக்கவும் முடியாது. இருபத்தைந்து வயதில் கல்லூரிக்குப் பக்கத்து மையத்தில் கொடுத்தவர், நாற்பத்தைந்து வயதில், பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் அந்தக் கடிதத்தைப் பிரிப்பார்.

கவுன்சலிங் நடப்பது அந்தக் கடிதத்துக்காகத்தான்.

ஒரு சந்திப்பு எப்படிப் போகும் என்று பார்ப்போம். லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். நண்பர் தம்பதி குழந்தைக்காகப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறார். ரத்த தானம் செய்து பழக்கம். இதையும் அப்படியே செய்யலாம் என்று வந்திருக்கிறார். ‘ஏன் கொடுக்க நினைக்கிறீர்கள்?’ என்பதுதான் வழக்கமாக முதலில் வரும் கேள்வி. சரியான விடை என்று அதற்கு ஒன்று கிடையாது. உதவும் எண்ணம் இருக்கலாம். தன் வம்சம் எங்காவது தொடரட்டும் என்ற ஆசை இருக்கலாம். கொஞ்சம் பணமும் காரணமாக இருக்கலாம். பிரிட்டனில் விலை கொடுத்து வாங்கத் தடை உண்டு. ஒவ்வொரு வருகைக்கும் ஈட்டுத்தொகை தருவார்கள். 2024 அக்டோபரில் அது 35 பவுண்டிலிருந்து 45 பவுண்டாக உயர்ந்தது. கவுன்சலர் காரணத்தை எடைபோடுவதில்லை. அந்தக் காரணம் இருபது ஆண்டுகளுக்குத் தாங்குமா என்று அவரையே யோசிக்கவைக்கிறார்.

பிறகு பேச்சு அவரைச் சுற்றியிருப்பவர்களிடம் போகும். துணைவிக்குத் தெரியுமா? சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை. ஆனால் கதவைத் தட்டப்போகும் பிள்ளை அவர் வீட்டுக் கதவையும்தான் தட்டும். இன்னும் திருமணம் ஆகவில்லை என்றால், வரப்போகிறவரிடம் எப்போது சொல்வது? சொந்தப் பிள்ளைகள் பிறந்தால், உங்களுக்கு வேறு வீடுகளில் அண்ணன், தங்கை இருக்கிறார்கள் என்று எந்த வயதில் சொல்வீர்கள்? உங்கள் பெற்றோர், முகமறியாத பேரப்பிள்ளைகள் உலகில் இருக்கிறார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? உங்களுக்கே பிள்ளை பிறக்காமல் போய்விட்டால், வேறு வீடுகளில் பத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்ற நினைப்பு ஆறுதலாக இருக்குமா, முள்ளாக இருக்குமா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குப் பதில் இருக்காது. இருக்கத் தேவையும் இல்லை. கேள்வியை ஒருமுறையாவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகு எண்ணிக்கை. பிரிட்டனில் ஒரு கொடையாளரின் விந்தைப் பத்துக் குடும்பங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பத்துக் குழந்தைகள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வரம்பு குடும்பத்துக்குத்தான். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பிறக்கலாம். ஆகவே இருபதைத் தாண்டுவது சாத்தியம். தனக்கு இது அதிகம் என்று தோன்றினால் கொடையாளர் வரம்பைக் குறைத்து, மூன்று குடும்பம் போதும் என்று எழுதித் தரலாம். வெளியே அதிகம் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பத்து என்ற எல்லை பிரிட்டனுக்குள் மட்டுமே. அங்கிருந்து வேறு நாட்டுக்கு ஏற்றுமதியாகும் விந்துக்கு அது பொருந்தாது. எங்கெல்லாம் அனுப்புவீர்கள் என்று மையத்திடம் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பதைக் கொடையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லித் தராத கவுன்சலிங் அரைகுறை.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை 2025-இல் ஐரோப்பா கசப்பாகக் கற்றுக்கொண்டது. டென்மார்க்கின் விந்து வங்கி ஒன்றுக்குக் கொடுத்த ஒருவரின் விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் டி.பி.53 என்ற மரபணுவில் மாற்றம் இருந்திருக்கிறது. செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் மரபணு அது. கெட்டால் இளம் வயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் வரக்கூடும். அவர் நல்ல ஆரோக்கியமாக இருந்தார். அவர் உடலின் மற்றச் செல்களில் பெரும்பாலும் அந்த மாற்றம் இல்லை. வழக்கமான சோதனையில் அகப்படவும் இல்லை. 2025 மே மாதம் மிலானில் நடந்த மரபியல் மாநாட்டில், எட்டு நாடுகளில் அவர் வழிப் பிறந்த 67 குழந்தைகளில் 10 பேருக்குப் புற்றுநோய் வந்திருப்பதாகப் பிரான்ஸின் ஆய்வாளர் அறிவித்தார். டிசம்பரில் ஐரோப்பிய ஊடகங்கள் கூட்டாக விசாரித்தபோது, பிறந்தவர்கள் குறைந்தது 197 பேர் என்று தெரிந்தது. அந்தக் கொடையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. நல்ல எண்ணத்தோடு கொடுத்தார். இப்போது அவர் மனம் எப்படி இருக்கும்? அவருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பு யாருடையது? செய்திகளில் பெற்றோரின் கண்ணீர் வந்தது, நியாயமாகவே. அந்த மனிதரைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை.

சோதனைகள் கொடையாளருக்கே அதிர்ச்சியாக வரலாம் என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் போன்ற தொற்றுகளோடு, குரோமோசோம்களையும் சில பரம்பரை நோய்களையும் பார்ப்பார்கள். வட ஐரோப்பிய வழியினரில் சுமார் இருபத்தைந்து பேரில் ஒருவர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணுவை நோயின்றிச் சுமக்கிறார். உதவப்போன இடத்தில் அது தெரியவந்தால், தம்பி தங்கைகளிடமும் சொல்ல வேண்டிவரும். இன்னொரு பக்கம், விந்தணு எண்ணிக்கையே குறைவு என்ற செய்தி. மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த கீழ் எல்லை. கொடையாளருக்கு அதைவிட மிக அதிகமாக வேண்டும். உறைய வைத்து உருக்கும்போது கணிசமான விந்தணுக்கள் செத்துப்போகும். மிச்சமிருப்பவை போதுமான அளவில் நீந்த வேண்டும். ஆகவே தந்தையாகும் தகுதி நன்றாகவே உள்ள ஆண்களையும் மையம் திருப்பி அனுப்பிவிடும். டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் ஒரு பெரிய வங்கிக்கு 2018, 2019-இல் விண்ணப்பித்த 11,000-க்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கடைசிவரை தேறி, விந்து பயன்பாட்டுக்குப் போனவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவில் தாங்களாகவே விலகிவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் ‘நான் ஆணே இல்லையோ’ என்ற நினைப்போடு வீடு திரும்பக் கூடாது. இதற்கும் கவுன்சலர் தேவை. தேறாதவர்களுக்குக் கதவைச் சாத்திவிடும் மையம் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்றே சொல்வேன்.

டி.என்.ஏ. சோதனை இதையெல்லாம் இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எச்சிலைக் குழாயில் துப்பி அஞ்சலில் அனுப்பினால், சில வாரங்களில் உறவினர் பட்டியல் வந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் கொடையாளருக்கு ஆபத்தின் அளவு புரியும். அப்பா, பிள்ளைக்குள் பாதி டி.என்.ஏ. பொது. ஒரே கொடையாளரின் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குள் சராசரியாகக் கால்பங்கு. இருவருடைய அப்பாக்கள் ஒருவருக்கொருவர் சித்தப்பா, பெரியப்பா மக்கள் என்றால், அந்த இருவருக்குள் சுமார் மூன்று சதவீதம். அந்த மூன்று சதவீதமும் நீண்ட துண்டுகளாக ஒன்றுபோல இருப்பதால் கணினி அதைப் பிடித்துவிடும். ஆகவே கொடையாளர் தன் எச்சிலை எங்கும் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. கனடாவில் இருக்கும் அத்தைமகள் வேடிக்கைக்குச் சோதனை செய்திருந்தால் போதும். குடும்ப மரத்தைக் கொஞ்சம் வரைந்து பார்க்கத் தெரிந்த ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சில மாலைகளில் அவரைக் கண்டுபிடித்துவிடும். பதினெட்டு என்ற எல்லை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறையில் கரைந்துகொண்டிருக்கிறது. பெயர் வெளியே வராது என்று உலகில் எந்த மையமும் இன்று யாருக்கும் நேர்மையாக உறுதி சொல்ல முடியாது.

இதைப் பிரிட்டனின் ஆணையமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் அது அரசுக்கு அளித்த பரிந்துரைகளில், இப்படி அடையாளம் தெரிந்துவிடலாம் என்பதைக் கொடையாளருக்கும் பெறுபவருக்கும் மையங்கள் சொல்வதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்றது. விளைவுகள் குறித்த கவுன்சலிங் இரு தரப்புக்கும் கட்டாயமாக வேண்டும் என்றும் கேட்டது. விக்டோரியாவில் அது ஏற்கெனவே கட்டாயம். நான் மேலே சொன்ன கருத்து என் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கட்டாயமாக்கினால் அது சடங்காகிவிடும் என்று எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கவுன்சலர் தன்னைத் தேர்வு செய்யும் அதிகாரி என்று கொடையாளர் நினைத்துவிட்டால், தேறும் பதில்களைத்தான் சொல்வார். பயத்தையும் ஐயத்தையும் மறைத்துக்கொள்வார். அதனால்தான் ஆணையத்தின் நடைமுறை விதி, கவுன்சலிங்கைத் தகுதி மதிப்பீட்டிலிருந்து பிரித்தே வைத்திருக்க வேண்டும் என்கிறது. தகவல் சொல்வதும் வேறு, கவுன்சலிங்கும் வேறு. தகவலைச் செவிலியர் சொல்லலாம், கையேட்டில் படிக்கலாம். கேட்பவர் தன் வாழ்க்கையோடு அதைப் பொருத்திப் பார்க்க ஒரு ரகசியம் காக்கும் அறை வேண்டும். அந்த அறையில் ‘வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன்’ என்று சொல்வதும் தோல்வியாகக் கருதப்படக் கூடாது. கொடுத்த பிறகும், கரு பெண்ணின் கருப்பையில் வைக்கப்படும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அப்போது ஏமாற்றம் எதிர்ப்பக்கத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு. முதல் சந்திப்பிலேயே விலகியவர் அவருக்கும் நன்மையே செய்கிறார்.

சட்டப் பொறுப்பு பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. உரிமம் பெற்ற மையத்தின் வழியே கொடுத்தவர் சட்டப்படி தந்தை ஆகமாட்டார், ஜீவனாம்சம் கேட்க முடியாது, சொத்துரிமையும் இல்லை. இணையத்தில் அறிமுகமாகி, மையத்துக்கு வெளியே வீட்டில் வைத்துக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவரே சட்டத் தந்தையாகி, பராமரிப்புச் செலவு அவர் தலையில் வரக்கூடும். மையத்தின் வழியே போனாலும் ஒரு கடமை உண்டு. குடும்பத்தில் பரம்பரை நோய் இருப்பது தெரிந்தும் மறைத்தால், பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தை பின்னாளில் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம்.

லண்டனில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனியான ஒரு பக்கம் இருக்கிறது. தெற்காசிய வழியில் வந்த கொடையாளர்கள் பிரிட்டனில் எப்போதும் பற்றாக்குறை. தங்களைப் போன்ற தோற்றமுள்ள குழந்தை வேண்டும் தம்பதிகள் நீண்ட நாள் காத்திருக்கிறார்கள். ஒரு தமிழ் இளைஞர் முன்வந்தால் அது பெரிய உதவிதான். ஆனால் சமூகம் சிறியது. ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் கோவில் திருவிழா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று ஒரே முகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வகுப்பில் உட்காரலாம். பதினாறு வயதுக்கு மேல், தான் நெருங்கிப் பழகும் அல்லது மணக்க நினைக்கும் ஒருவர் இரத்த உறவா என்று இரு தரப்பு ஒப்புதலோடு ஆணையத்திடம் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க, தான் எப்படிப் பிறந்தோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அது எத்தனை பேருக்குச் சொல்லப்படும்? அத்தை மகன், மாமன் மகள் என்று உறவை நுணுக்கமாக எண்ணி முறை பார்க்கும் சமூகம், இந்த உறவை எண்ணவே மறுக்கிறது. கொடையாளர் தன் குடும்ப வரம்பைக் குறைத்து எழுதுவது பற்றி இங்கே இன்னும் கவனமாகப் பேச வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தத் துறை ‘தாராள பிரபு’ படம் வழியாக அறிமுகம் ஆகியிருக்கும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனிலிருந்து வேறு திசையில் போகிறது. 21 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் கொடுக்கலாம். ஒரு கொடையாளரின் விந்தை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் வங்கி தரலாம். எண்ணிக்கைச் சிக்கலை அது அடியோடு வெட்டிவிடுகிறது. ஆனால் கவுன்சலிங்கை அந்தச் சட்டம் பெயர் சொல்லிப் பேசும் இடத்தில், குழந்தை வேண்டும் தம்பதியும் பெண்ணும்தான் முன்னால் நிற்கிறார்கள். கொடையாளர் பெற்றோர் உரிமையைத் துறக்கிறார் என்பதோடு அவர் கதை முடிந்துவிட்டதாக அது கருதுகிறது. எச்சில் குழாய்கள் எந்த நாட்டுச் சட்டத்தையும் படிப்பதில்லை.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்பதற்கு நம்பத் தகுந்த ஆய்வு இருக்கிறது. கேம்பிரிட்ஜின் சூசன் கொலம்பொக் தலைமையிலான குழு, விந்து தானம், கருமுட்டை தானம், வாடகைத் தாய் ஆகிய வழிகளில் பிறந்த பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து இருபது வயது வரை பின்தொடர்ந்தது. 2023-இல் வந்த முடிவுகளின்படி, மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் மனநலத்திலோ உறவிலோ குறை இல்லை. ஏழு வயதுக்கு முன்பே விஷயத்தை அறிந்த பிள்ளைகளின் வீடுகளில் தாயோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது. சிறு ஆய்வுதான், இந்த வழிகளில் பிள்ளை பெற்ற குடும்பங்கள் 65 மட்டுமே. இருந்தாலும் கொடையாளருக்கு அது ஒரு தெம்பைத் தருகிறது: தன்னைப் பற்றி அறிந்து வளரும் பிள்ளை, பெரும்பாலும் கோபத்தோடு வருவதில்லை. யார் என்று பார்க்க வருகிறது.

கொடுத்த பின் கிடைக்கும் துணைதான் இதில் இன்னும் பலவீனமான இடம். கொடையாளர் தன்னால் எத்தனை குழந்தைகள் பிறந்தன, ஆணா பெண்ணா, எந்த ஆண்டில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிலர் கேட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள்; சிலருக்கு அதற்குப் பிறகுதான் மனம் அலைபாய்கிறது. பல ஆண்டு கழித்தும் கவுன்சலரைத் திரும்பப் பார்க்க வாய்ப்புத் தருவது நல்ல மையங்களின் வழக்கம். ஆனால் மையம் மூடிவிட்டிருக்கலாம், கவுன்சலர் மாறியிருக்கலாம், முகவரி மாறிய கொடையாளரைத் தேடிப் பிடிக்க முடியாமலும் போகலாம். 1993-இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய டோனர் கன்செப்ஷன் நெட்வொர்க் குடும்பங்களுக்கு நல்ல துணையாக இருக்கிறது. கொடையாளர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் நேரே போய் உட்கார்ந்து பேசக்கூடிய இடங்கள் அதைவிட மிகக் குறைவு.

1991 ஆகஸ்டுக்குப் பின், 2005-க்கு முன் பெயரை மறைத்துக் கொடுத்தவர்களும், விரும்பினால், இன்று தங்களை ஆணையத்தில் மறுபடி பதிவு செய்து திறந்துகொள்ளலாம். அப்படிச் செய்ய நினைக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர் ஒருவர், முப்பது ஆண்டுகளாக மனைவியிடம்கூடச் சொல்லாததை முதலில் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். அவருடைய இளமையில், வாய்ப்பு இருந்தும், அந்த அறையையும் கேட்க ஆளையும் அவர் தேடாமலே விட்டிருக்கலாம். இன்று அவருக்கு அந்த இரண்டையும் கொடுப்பது, புதிதாக வரும் முப்பது வயதுக்காரருக்குக் கொடுப்பதைப் போலவே மையங்களின் கடன். அதற்கான செலவை மையமா, அரசா, யார் ஏற்பது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன.